25,000 ரூபாய்க்குள் எலெக்ட்ரிக் கிட்டார்: மலை ஈரத்துக்குத் தாங்கும்படி எதை வாங்கலாம்?

மூடுபனி_கம்பி (கோத்தகிரி)

வணக்கம் அண்ணன்மாரே. அக்கூஸ்டிக்கில் ஓப்பன் கார்டு, பார் கார்டு எல்லாம் வரும். இப்போது எலெக்ட்ரிக் வாங்க வேண்டும். மொத்தம் 25,000 ரூபாய். ஆம்ப், கேபிள், உறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வாசிப்பது வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரிலும். மழை மாதங்களில் வீட்டுச் சுவரே வியர்க்கும், பீரோவுக்குள் வைத்த பெல்ட் பூத்துவிடும்.

பார்த்து வைத்தவை: யமஹா பசிபிகா 012, ஸ்குவயர் சோனிக் ஸ்ட்ராட், ஐபனேஸ் ஜியோ, எபிபோன் லெஸ் பாலில் விலை குறைந்தது, ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி பிரிட்ஜ் போட்ட ஒரு பெயர் தெரியாத பிராண்ட். எதை எடுக்கலாம்? என்ன மரம் என்று பார்க்கணுமா?

ட்ரஸ்ராட் (குன்னூர்)

தம்பி, அந்த ஐந்தாவதை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வகை பிரிட்ஜ், அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி, இரண்டு ஊன்றுமுனைகளில் மிதந்து நிற்கிறது. ஒரு பக்கம் ஆறு கம்பிகளின் இழுவை, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுவை. விலை குறைந்த நகல்களில் அந்த முனைகள் மெத்தென்ற உலோகம், சீக்கிரம் மழுங்கிவிடும்; மழுங்கியபின் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பாது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து சுருதி ஏறிவிடும். பாட்டு நடுவில் அப்படி நடந்தால் சமாளிக்க வழியே இல்லை. இதற்கு மேல், ஈரத்தில் நெக் (கிட்டாரின் கழுத்து) கொஞ்சம் அசைந்தாலும் அந்தச் சமநிலை முழுவதையும் திரும்பப் பிடிக்க வேண்டும்.

மரத்தைப் பற்றி. இந்த விலையில் பாடி பாப்லரா, பாஸ்வுட்டா, அகாத்திஸா என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பாடியைச் சுற்றித் தடிமனான பாலி பூச்சு இருக்கிறது, அதற்குள் ஈரம் அவ்வளவு எளிதில் போகாது. பூச்சில்லாமல் வெறும் மரமாக இருப்பது பெரும்பாலும் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டுதான். நம் ஊர்க் காற்று வேலை செய்வது அங்கேதான். 2017-ல் ரோஸ்வுட் இனங்களுக்கு உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு வந்தபோது நிறைய கம்பெனிகள் லாரலுக்கு மாறின. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தபிறகும் விலை குறைந்த மாடல்களில் லாரலே தொடர்கிறது. லாரல் என்பது நம் கருமருது. ரோஸ்வுட் கூடலூர்ப் பக்கம் நிற்கும் ஈட்டி. இரண்டுமே நன்றாக உழைக்கும் மரங்கள், இதில் தயக்கம் வேண்டாம்.

பணத்துக்கு மதிப்பு நெக்கில்தான் இருக்கிறது. கடையில் பார்க்க வேண்டியவை:

ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதி) பக்கமிருந்து, துப்பாக்கியால் குறிபார்ப்பது போல, நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பிரிட்ஜ் நோக்கிப் பாருங்கள். சீரான மெல்லிய வளைவு இருந்தால் பரவாயில்லை, நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடால் சரியாகும். ஒரு விளிம்பு ஏறி மறு விளிம்பு இறங்கியிருந்தால் அது முறுக்கு. எந்த ஆலன் கீயாலும் திருத்த முடியாது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வாசியுங்கள், கடைசி ஃப்ரெட் வரை. பிறகு மிக மெல்லிய 1-வது கம்பியை 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு முழு சுரம் வளையுங்கள். வளைக்கும்போது ஒலி செத்தால் பக்கத்து ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. அதை மட்டப்படுத்த ஆகும் கூலி, வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியைத் தின்றுவிடும்.

1-வது, 6-வது கம்பிகள் இரண்டும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடவேண்டும். 1-வது கம்பி விளிம்பை விட்டு வழுக்கினால், போல்ட்-ஆன் நெக்கில் நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி நெக்கை மெதுவாக நகர்த்தி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

2-வது, 3-வது ஃப்ரெட்டுக்கு இடையில் கம்பியை அழுத்தி, 1-வது ஃப்ரெட்டின் மேல் இடைவெளி பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். அதற்கு மேல் இருந்தால் எஃப் கார்டு கைக்கும் கடினம், சுருதியும் கூடிக் கேட்கும். இடைவெளியே இல்லாவிட்டால் திறந்த கம்பி இரையும்.

சோல்டர்_புகை (ஊட்டி)

நெக்கைப் பற்றி அண்ணன் சொல்லிட்டார், நான் உள்ளே இருக்கற ஒயரிங் பத்திச் சொல்றேன்.

கொயருக்கும் சினிமாப் பாட்டுக்கும் எச்.எஸ்.எஸ். அமைப்பு எடுங்க. கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தற பிக்கப் மூணுல, பிரிட்ஜ்ல ஹம்பக்கர், நடுவுலயும் நெக்லயும் சிங்கிள் காயில். சிங்கிள் காயில் தெளிவா, மணி மாதிரி இருக்கும், ஆனா நம்ம மின்சாரத்தோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். ஹம்பக்கர்ல ரெண்டு காயில் எதிரெதிரா இருக்கறதால இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். பசிபிகா 012 எச்.எஸ்.எஸ்.தான். ஐபனேஸ் ஜியோலயும் அந்த அமைப்பு கிடைக்கும். சோனிக் ரெண்டு மூணு வகையா வருது, எச்.எஸ்.எஸ். போட்டதா கேட்டு வாங்கணும்.

கடையில ஆம்ப்ல மாட்டி இதைச் செய்யுங்க. ஸ்விட்ச்சோட 5 இடத்துலயும் ஒலி வருதான்னு கேளுங்க. வால்யூம், டோன் ரெண்டையும் முழுசா திருப்புங்க. கரகரன்னா பாட்ல (குமிழுக்கு அடியில இருக்கற மின்தடை) அழுக்கு இல்லன்னா ஆக்ஸைடு இருக்கு. கான்டாக்ட் க்ளீனர் அடிச்சா போகும், அதுக்காகக் கிட்டாரை ஒதுக்க வேண்டாம். ஜாக்ல கேபிளை லேசா ஆட்டுங்க, விட்டு விட்டு வந்தா உள்ளே இருக்கற இதழ் தளர்ந்திருக்கு, அதுவும் சின்ன வேலை. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையணும். தொட்டதும் கூடுச்சுன்னா கிரவுண்ட் ஒயர் பிரச்சனை.

பழைய கிட்டார் வாங்கறதா இருந்தா மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. கேபிளை கிட்டார்ல சொருகி, வால்யூம் முழுசா வெச்சு, மறுமுனை ப்ளக்கோட நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. சிங்கிள் காயில் 5 முதல் 8 கிலோ ஓம், ஹம்பக்கர் 7 முதல் 16 வரை. பாட் பக்கவாட்டுல சேர்ந்திருக்கறதால அளவு கொஞ்சம் குறைச்சுக் காட்டும், அது சரிதான். பிக்கப்போட அளவே இல்லாம 250 இல்லன்னா 500 கிலோ ஓம் பக்கம் காட்டினா மீட்டர் பாட்டை மட்டும்தான் பார்க்குது, பிக்கப் காயில் அறுந்திருக்கு.

கொடை_ட்யூனர் (கொடைக்கானல்)

எச்.எஸ்.எஸ். சரி. ஆனா 25,000-ஐயும் புதுக் கிட்டார்ல கொட்டறது சரியில்லைங்க. எலெக்ட்ரிக்ல காதுக்கு வர்ற ஒலியில பாதிக்கு மேல ஆம்பும் எஃபெக்டும்தான். 22,000 கிட்டாரும் 3,000 ஆம்பும் வாங்கினா டப்பாவுக்குள்ள கேட்கற ஒலிதான் கிடைக்கும். நான் பிரிக்கறது இப்படி: கிட்டார் 15,000 முதல் 16,000, எஃபெக்ட் ப்ராசஸர் இல்லன்னா ஆம்ப் 6,000 முதல் 7,000, மிச்சம் கேபிள், ஸ்ட்ராப், ரெண்டு செட் கம்பி, செட்டப் (வாசிக்க ஏத்த மாதிரி கிட்டாரைச் சரிசெய்யற வேலை) கூலி. செட்டப்புக்குன்னு 1,000 ரூபாய் ஒதுக்காம எந்தக் கிட்டாரும் வாங்காதீங்க.

லெஸ் பால் பத்தி ஒரு எச்சரிக்கை. அதோட ஹெட்ஸ்டாக் பின்னால சாஞ்சிருக்கும், நெக் முனையில கம்பிங்க உட்கார்ற பள்ளத் துண்டான நட்டுக்குப் பின்னால மரம் மெலிசு, ட்ரஸ் ராடைத் திருகற திருகாணிக்காக அங்கேயே குடைஞ்சும் இருப்பாங்க. ஸ்டாண்ட்ல இருந்து மல்லாக்க விழுந்தா அங்கேதான் உடையும். பஸ்ல கொண்டைஊசி வளைவுல ஏறி இறங்கற நமக்கு, ஸ்ட்ராட் மாதிரி நேர் ஹெட்ஸ்டாக்கும் போல்ட்-ஆன் நெக்கும் பாதுகாப்பு. நெக் போனாலும் வேற நெக் மாட்டிக்கலாம்.

மூடுபனி_கம்பி

நன்றி அண்ணா. மூன்று விஷயம். வீட்டில் பழைய இரண்டு பின் போர்டுதான், எர்த் இல்லை. மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். கோயம்புத்தூர் போய்ப் பார்ப்பதா, ஆன்லைனில் வரவழைப்பதா?

சோல்டர்_புகை

எர்த் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம், தம்பி. கிட்டார் வாங்கறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும்.

எலெக்ட்ரிக் கிட்டாரோட கம்பிங்க பிரிட்ஜ், கேபிளோட வெளிச்சுற்று வழியா நேரா ஆம்போட உடம்புல சேருது. ஆம்புக்கு எர்த் இல்லன்னா, உள்ளே லீக்கேஜ் இருந்தா, அது உங்க விரலுக்கு வரும். வீட்ல காய்ஞ்ச தரையில செருப்போட நின்னா சுருக்குன்னு மட்டும் தெரியலாம். சர்ச்சுல வேற போர்டுல மாட்டின மிக்ஸரோட மைக்கை உதட்டால தொட்டா கையில இருந்து வாய்க்குக் கரண்ட் பாயும். உயிர் போற விஷயம் இது.

மூணு பின்னை ரெண்டு பின்னாக்கற அடாப்டர் போட்டு ஆம்பை ஓட்டவே கூடாது. வயர்மேனைக் கூப்பிட்டு கிட்டார் வைக்கற அறைக்கு ஒரு 6 ஆம்பியர் மூணு பின் பாயின்ட்டும் எர்த் ஒயரும் போடச் சொல்லுங்க. மெயின் போர்டுல 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக்கானா தானா நிறுத்தற ஸ்விட்ச்) இல்லன்னா அதையும் சேர்த்து. கொயர்ல உங்க ஆம்பும் மிக்ஸரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல இருந்து எடுக்கணும். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வெச்சு ஒரு முனை கிட்டார் கம்பியில, மறுமுனை மைக்கோட உலோக வலையில வைங்க. 1 வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. 40, 60-ன்னு காட்டினா மைக் பக்கமே போகாதீங்க, போர்டை மாத்துங்க.

அதுவரைக்கும் பேட்டரியில ஓடற சாமான் வெச்சு வாசிங்க. கரண்ட் போற பிரச்சனைக்கும் அதுதான் வழி.

கொடை_ட்யூனர்

பேட்டரின்னு வந்ததால சொல்றேன். ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி சின்ன ப்ராசஸர் 4 டபுள் ஏ பேட்டரியில ஓடும். ஹெட்ஃபோன் போட்டு வீட்ல, அவுட்புட்டை மிக்ஸர்ல குடுத்து சர்ச்சுல. ஆம்ப் சிமுலேஷன், டிலே, ரிவெர்ப், ட்யூனர் எல்லாம் உள்ளேயே இருக்கு. கொயருக்கு ஆம்பே தூக்கிட்டுப் போக வேண்டாம். அடாப்டர்ல போடறதா இருந்தா 9 வோல்ட், நடுப்பின் நெகட்டிவ். வீட்ல கிடக்கற மோடம் அடாப்டர்கள்ல பெரும்பாலும் நடுப்பின் பாசிட்டிவ், மாத்திச் சொருகினா போர்டு போயிடும்.

ஸ்பீக்கர்ல கேட்கணும்னா பாஸ் கட்டானா மினி, ப்ளாக்ஸ்டார் ஃப்ளை 3 ரெண்டும் 6 டபுள் ஏ-ல ஓடும். வீட்டுக்குப் போதும், கொயர் ஹாலுக்குப் பத்தாது. சர்ச் மிக்ஸர்ல நேரா கிட்டாரைச் சொருகாதீங்க. லைன் இன்புட்டோட எதிர்ப்பு கிட்டார் பிக்கப்புக்குக் குறைவு, மேல் ஒலி மழுங்கி ஈரத்துணி போட்டு மூடின மாதிரி கேட்கும். நடுவுல ப்ராசஸரோ, கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தற டி.ஐ. பாக்ஸோ வேணும்.

போன்ல ஆப் போட்டு வாசிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டுல அடிச்ச பிறகு ஒலி தாமதமா வரும், தாளம் பிடிக்கறவனுக்கு அது கெடுதல்.

ட்ரஸ்ராட்

கோயம்புத்தூர் போவது நல்லது. ஒரே மாடலில் இரண்டு மூன்று கிட்டார் எடுத்து வைத்துப் பார்க்க முடியும். இந்த விலையில் ஒரே மாடலுக்குள்ளேயே நெக் நெக்குக்கு வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் ஒன்றைப் பிரித்துக் காட்டிவிட்டு இன்னொரு சீல் பெட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கையில் பார்த்த அதே கிட்டார்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

ஆன்லைனில் எடுத்தால் பெட்டி திறப்பதை ஆரம்பம் முதல் வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். நட்டுக்குப் பின்பக்கம், நெக் பாடியோடு சேரும் இடம் இரண்டிலும் மெல்லிய கோடு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாடியின் பூச்சில் மட்டும் மயிரிழைக் கீறல் என்றால் ஆபத்தில்லை, மரத்துக்குள் போனால் திருப்பி அனுப்புங்கள்.

எப்படி வாங்கினாலும், கீழே வெயிலில் இருந்து மேலே கொண்டுவந்த உடனே உறையைத் திறக்காதீர்கள். நான்கைந்து மணி நேரம் மூடியபடியே அறையில் கிடக்கட்டும். செட்டப் வேலையை ஒரு வாரம் கழித்துத் தொடங்குங்கள். அதற்குள் நெக் நம் காற்றுக்குப் பழகியிருக்கும். முதல் நாளே ட்ரஸ் ராடைத் திருகினால் அடுத்த வாரம் திரும்பத் திருக வேண்டியிருக்கும்.

வெலிங்டன்_அம்மா (குன்னூர்)

இதே இழையில் கேட்கலாமா? 10 வயதுப் பையனுக்கு இதெல்லாம் பெரிதாக இருக்குமா?

ட்ரஸ்ராட்

இருக்கும், அம்மா. சாதாரண ஸ்ட்ராட்டின் கம்பி நீளம் 25.5 அங்குலம். ஐபனேஸ் மைக்ரோ 22.2, ஸ்குவயர் மினி 22.75. நீளம் குறைந்ததால் கம்பி தொளதொளவென்று இருக்கும், அதனால் மெல்லிய 9 செட்டுக்குப் பதில் கொஞ்சம் தடித்த 10–46 செட் போடுங்கள், சுருதி நிற்கும்.

கூடலூர்_மழை (கூடலூர்)

ஈரத்தைப் பற்றி இன்னும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மாதங்களில் கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சுவரின் குளிர்ச்சியில் நெக்கின் பின்பக்கம் நீர் கோக்கும். உள்சுவர் நல்லது. சமையலறைச் சுவரும் கணப்பு இருக்கும் சுவரும் வேண்டாம்.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி கிட்டார் பக்கத்தில் வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நிம்மதி. மழையில் 80-க்கு மேல் ஏறும். அப்போது உறைக்குள் 100 கிராம் சிலிகா ஜெல் பை போட்டு ஜிப்பை மூடி வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

கம்பி துரு. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியும் துடையுங்கள். துருப்பிடித்த கம்பி ஃப்ரெட்டை அரம் போல அராவும். பூச்சுக் கம்பிகள் இரண்டு மூன்று மடங்கு விலை என்றாலும் மழைப் பக்கம் இருப்பவருக்குக் கட்டுப்படியாகும்.

ஃபிங்கர்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், சிக்குப்பிடித்து நாறும், பூஞ்சைக்கும் தீனி. நீலகிரித் தைலம் பசையைக் கரைக்கும், விலைச் சீட்டுப் பசையைத் துடைக்க ஒரு சொட்டு போதும், மரத்தில் தேய்க்க அல்ல. லாரல், ரோஸ்வுட் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை லெமன் ஆயில் நான்கு சொட்டு. பூச்சுள்ள மேப்பிள் என்றால் அதுவும் தேவையில்லை.

சோல்டர்_புகை

//மழையில் 80-க்கு மேல் ஏறும்//

இதே ஈரத்துலதான் ஜாக்கும் ஸ்விட்ச்சும் பச்சை பூக்கும். டபிள்யூ.டி.-40 அடிக்காதீங்க, எண்ணெய்ப் படலம் தங்கி தூசியை இழுக்கும். எலெக்ட்ரானிக் கான்டாக்ட் க்ளீனர்னு கேட்டு வாங்கி, பாட் கால்களுக்கு மேல இருக்கற சந்துல ஒரு தடவை அடிச்சு, இருபது முப்பது தடவை திருப்புங்க.

கொடை_ட்யூனர்

ஜனவரி, பிப்ரவரியையும் மறக்க வேண்டாம். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவுல உறைபனி விழற அந்தக் காலத்துல காத்து காய்ஞ்சு கிடக்கும். ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கும், ஃப்ரெட் கம்பி சுருங்காது. நெக் ஓரமா கையை ஓட்டினா கீறும். ஃபிங்கர்போர்டுல மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹார்டுவேர் கடையில கிடைக்கற சின்ன நீடில் ஃபைலால ஃப்ரெட் முனையை 45 டிகிரி சாய்வுல ரெண்டு மூணு இழுப்பு. அந்தக் காலத்துலயே செய்யுங்க, மழையில மரம் ஊதினப்புறம் முனை தெரியாது.

ட்ரஸ்ராட்

இனி செட்டப். கூலி கொடுத்துச் செய்தாலும் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள், மலையில் வருடத்துக்கு இரண்டு முறையாவது தேவைப்படும். வரிசை மாறக்கூடாது, ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும்.

புதுக் கம்பி, 9–42 அல்லது 10–46. ட்யூனிங் கீயில் கம்பி இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டின் பள்ளங்களில் கூர்மையான பென்சிலால் கரி தடவுங்கள், விலை குறைந்த கிட்டாரில் சுருதி நகர்வதற்குப் பெரும்பாலும் கீயைவிட இந்த நட்தான் காரணம்.

ஸ்ட்ராட் வகை பிரிட்ஜ் என்றால் பின் மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டிய கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவையும் சமமாக இறுக்கி, பிரிட்ஜ் தட்டைப் பாடியில் படியவிடுங்கள். இனி கம்பி அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

சுருதி சேர்த்து, 1-வது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். 6-வது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 8-வது ஃப்ரெட்டின் மேல் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.25 மி.மீ. வேண்டும். இதற்கான ஃபீலர் கேஜ் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும், மெக்கானிக் வால்வு இடைவெளி பார்ப்பது அதே தகடுகளால்தான். இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராட் வலச்சுற்று, குறைவென்றால் இடச்சுற்று. ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். திரும்பச் சுருதி சேர்த்து அளந்து பிறகு அடுத்தது. கிட்டாரோடு வந்த ஆலன் கீயையே பயன்படுத்துங்கள். 5 மி.மீ. ராடில் அங்குல அளவுக் கீயைப் போட்டால் உள்முனை உருண்டுவிடும், பிறகு நெக் வீண். எளிதாகத் திரும்பவில்லை என்றால் அழுத்தாமல் நிறுத்துங்கள்.

பிறகு ஆக்‌ஷன்: அதாவது கம்பி நிற்கும் உயரம், 12-வது ஃப்ரெட்டின் மேல் 6-வது கம்பி 2 மி.மீ., 1-வது கம்பி 1.5. பிறகு இன்டொனேஷன் (நெக் முழுவதும் சுருதி சரியாக இருப்பது): 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒன்றாக வரவேண்டும். அழுத்தியது கூடினால், பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் துண்டான சேடிலைப் பின்னால் இழுங்கள், குறைந்தால் முன்னால். கடைசியாக பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6. சிங்கிள் காயிலை இன்னும் ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து, 6-வது கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் இரண்டு சுருதியில் அதிர்வது போலக் கேட்கும்.

மூடுபனி_கம்பி

எல்லாம் குறித்துக்கொண்டேன் அண்ணா. எர்த் பாயின்ட்டுக்கு வயர்மேனிடம் சொல்லிவிட்டேன். பழைய பசிபிகா 112வி ஒன்று 17,000-க்குச் சொல்கிறார்கள். புது 012-ஐவிட அது மேலா?

ட்ரஸ்ராட்

நெக் முறுக்கு இல்லாமல், ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்பினால், ஆம். 112வி-யில் ஆல்டர் பாடி, ஆல்னிகோ காந்தம் போட்ட பிக்கப், டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் ஒற்றைக் காயிலாகப் பிரியும். பேரத்துக்கு முன் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பிகளின் கீழே பள்ளம் பாருங்கள். நகத்துக்கு லேசாகத் தட்டினால் பரவாயில்லை. அங்கே கம்பியை அழுத்தி அடித்ததும் இரைந்தால் ஃப்ரெட் மட்டப்படுத்தும் கூலியை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

சோல்டர்_புகை

அந்த டோன் குமிழை இழுத்தும் அழுத்தியும் ரெண்டு நிலையிலயும் மல்டிமீட்டர் வையுங்க, ஸ்விட்ச் பிரிட்ஜ் பிக்கப்புல இருக்கட்டும். இழுத்தா அளவு ஏறக்குறைய பாதியாகணும். மாறவே இல்லன்னா புஷ்-புல் பாட் போயிருக்கு. பாட் மட்டும் மாத்தினா போதும், 500 கிலோ ஓம் கேட்டு வாங்குங்க. அதுக்கும் சேர்த்து விலையைக் குறைங்க.